தேயிலைப் பெட்டி எஞ்சினுக்கு ரேடியம் பட்டை

தொண்ணூறுகளின் நடுவில், என் வீட்டுக்காரர் ரயில் கேட்டில் வேலை பார்த்த காலத்தில், ஒரு சின்ன எஞ்சினின் முகத்தில் நான் ஏழு ரேடியம் பட்டை ஒட்டினேன். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகல். அந்த ஏழும் சரியாக அமையாமல் போயிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும். இந்தக் கதையை அவர் உயிரோடு இருந்தவரை பல பேரிடம் பல விதமாகச் சொன்னார். நடந்தது நடந்தபடி தெரிந்தவள் நான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

அவருடைய கேட் திருநெல்வேலிக்கு மேற்கே, ஆற்றுப் பாசன வயல்களுக்கு நடுவில் இருந்தது. அப்போது அது மீட்டர்கேஜ் லைன். அந்தக் கேட்டுக்குப் போன் கிடையாது. கேட் எப்போதும் சாத்தியே கிடக்கும். ரோட்டில் வண்டி வந்து நின்றால் கேட்கீப்பர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றித் தடுப்பு மரத்தைத் தூக்கிவிட வேண்டும். ரயில் நேரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

ஒரு நாள் பொழுது இருட்டுகிற நேரத்தில் வைக்கோல் வண்டி ஒன்று வந்து நின்றது. அந்த நேரத்துக்கு எந்த ரயிலும் இல்லை. இவர் விளக்கைக் கம்பத்தில் மாட்டினார், இரண்டு பக்கமும் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை, கேட்டைத் தூக்கினார். வண்டி தண்டவாளத்தில் ஏறியபோது பெட்டி எதுவும் இல்லாத வெறும் எஞ்சின் ஒன்று கிழக்கேயிருந்து வந்துவிட்டது. அதன் முன்விளக்கு வழியிலேயே அணைந்து போயிருந்தது. வண்டியின் பின்பாதி சிதறியது. வண்டிக்காரர் எகிறிக் குதித்துப் பிழைத்தார். ஒரு மாடு செத்தது.

இவரை அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்திவைத்தார்கள். கொஞ்ச நாளில் சார்ஜ் ஷீட் வந்தது. விஷயம் இதுதான். அந்த எஞ்சினின் முகத்தடியில், தண்டவாளத்தை ஒட்டித் தொங்கும் இரும்புத் தடுப்பில், பெயிண்ட் கோட்டுக்குப் பதிலாக மஞ்சள் ரேடியம் பட்டை சாய்வாக ஒட்டியிருந்தார்கள். லாரிகளின் பின்னால் ஒட்டுவார்களே, வெளிச்சம் பட்டால் பளிச்சென்று மின்னும், அது. ஆபீசர்கள் அதே எஞ்சினை, இவர் பார்த்த நேரத்தில் அது வந்துகொண்டிருந்த இடத்தில் நிறுத்தி, கேட்டில் நின்று டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஏழு பட்டையும் நெருப்பு மாதிரித் தெரிந்ததாம். கையில் விளக்கோடு பார்த்திருந்தால் பட்டை தெரிந்திருக்கும், தெரியவில்லை என்றால் இவன் பார்க்கவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். பார்க்காமல் கேட் திறந்தவனுக்கு வேலை இல்லை.

இவருக்காக விசாரணையில் பேச, ஓய்வு பெற்ற ரயில் கார்டு ஒருவர் சம்மதித்தார். நாங்கள் அண்ணாச்சி என்போம். அவர் ஒரு சாயங்காலம் வந்து நேருக்கு நேராகக் கேட்டார்.

"வே, உள்ளதச் சொல்லும். பாத்தீரா, பாக்கலையா?"

"பாத்தேன் அண்ணாச்சி. எங்க அம்மை மேல சத்தியமா பாத்தேன். இருட்டுதான் தெரிஞ்சுது."

"அவங்களுக்கு மின்னுனது உமக்கு ஏன் மின்னல?"

எனக்கும் அந்த நேரம் உள்ளுக்குள் ஒரு சந்தேகம் முளைத்தது. மறைப்பானேன். இவர் மதியச் சோற்றுக்கு மேல் கண் அசருகிற ஆள்தான்.

எஞ்சின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்த ஒருவர் இவருக்கு வேண்டியவர். எஞ்சினுக்கு ஒட்டிய அதே ரேடியம் தாளில் மிஞ்சியதைச் சுருட்டி எடுத்துவந்து கொடுத்தார். தலையணை உறை அளவு இருக்கும். அண்ணாச்சி அதைப் புரட்டிப் பார்த்தும் ஒரு வழியும் புலப்படவில்லை. சுவரில் ஆணியில் தொங்கவிட்டுப் போய்விட்டார்.

நான் பீடி சுற்றுகிறவள். பன்னிரண்டு வயதிலிருந்து என் கை கத்தரியை விட்டது கிடையாது. அன்றைக்கு நானும் பக்கத்து வீட்டு மதினியும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தோம். கரண்ட் போனது. டார்ச்சை எடுத்துக் கண்ணோரம் பிடித்து அடித்தேன். சுவரில் தொங்கிய தாள் எரிகிற மாதிரி மின்னியது.

"ஏ மதினி, பாத்தியளா, என்னமா மின்னுதுன்னு."

"எது?"

"செவுத்துல தொங்குதுலா, அந்தத் தாளு."

"மஞ்சத்தாளு தொங்குது. மின்னவும் இல்ல ஒண்ணும் இல்ல. உங்களுக்குக் கண்ணுல பொறை விழுந்துட்டுன்னு நெனைக்கேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்துபோய் டார்ச்சை அவள் கையில் கொடுத்தேன். அவள் தன் முகத்தை ஒட்டிப் பிடித்து அடித்தாள். "ஆமா, மின்னுதே" என்றாள். இப்போது என் கண்ணுக்கு அது வெறும் மஞ்சள் தாள். டார்ச்சை நடுவில் பீடிச் சுளகின் மேல் வைத்தோம். இரண்டு பேருக்குமே மின்னவில்லை. வெளிச்சம் யாருடைய கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அவருக்கு மட்டும்தான் அது மின்னுகிறது.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு இவர் விளக்கு கம்பத்தில் தொங்கியது. கம்பத்துக்கும் கைப்பிடிக்கும் நாலு எட்டுத் தூரம். இவர் பார்த்திருக்கிறார், பட்டைதான் இவர் கண்ணுக்கு மின்னவில்லை.

அண்ணாச்சியைக் கூப்பிட்டு அதே மாதிரி காட்டினேன். அவர் நாலைந்து தடவை டார்ச்சை அங்கேயும் இங்கேயும் மாற்றிப் பார்த்தார்.

"இத வாயால சொன்னா நம்ப மாட்டான். ஆபீசர் மறுபடி கேட்டுக்கும் வரமாட்டான். எஞ்சின அவன் ரூமுக்குக் கொண்டு போகணும்."

"எஞ்சினயா?"

"சின்னதா ஒண்ணு செய்யும்வே. அளவு மாறக் கூடாது. பட்டை அகலம், இடைவெளி, சாய்வு எல்லாம் அசல் மாதிரியே இருக்கணும். ஒண்ணு பிசகுனாலும் பொம்மைனு தூக்கிப் போட்டுருவான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. இதக் காட்டுனா, விளக்கு கையில இல்லங்கதையும் ஒத்துக்கிடணும். கையில வச்சிருக்கணும்ங்கது ரூலு. பாக்காம தொறந்ததுக்கு வேலை போவும். விளக்க மாட்டி வச்சதுக்கு அவ்வளவு போவாது. ஆனா அது அவன் கையில இருக்கு."

விசாரணை வியாழக்கிழமை. அன்றைக்கு வெள்ளி.

இவர் மாஞ்சோலையிலிருந்து வந்த பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை உடைத்து, அந்தப் பலகையில் எஞ்சின் செய்தார். இருபதில் ஒரு பங்கு அளவு. ஃபிட்டர் ஷெட்டில் நின்ற அதே எஞ்சினை அளந்து சொன்னார். மூன்று நாளில் ஒரு கை நீளத்துக்கு எஞ்சின் வந்துவிட்டது. முகத்தடித் தடுப்பைத் தகரத்தில் வளைத்து வைத்தார். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ரேடியம் வெட்ட உட்கார்ந்தார் பாருங்கள், கை முரடு, பிளேடு ஒரு பக்கம் போனால் கோடு ஒரு பக்கம் போனது. மூன்று துண்டு வீணானதும் பிடுங்கிக்கொண்டேன்.

"இது இலை வெட்டுத மாதிரி. நீங்க ஒதுங்குங்க."

பீடி இலையைத் தகரத் தகட்டை வைத்து அளவாக வெட்டுவோம். அதே மாதிரி பட்டை அகலத்துக்கு ஒரு தகடு நறுக்கித் தரச் சொன்னேன். இவர் நறுக்கித் தந்தார். செவ்வாய் சாயங்காலம் ஆகிவிட்டது, காலையில் வெட்டலாம் என்று வைத்தேன். அங்கேதான் என் புத்தி மோசம் செய்தது.

பீடி இலையை முதல்நாளே நனைத்து, ஈரச் சாக்கில் சுற்றி வைப்போம். அப்போதுதான் காலையில் கத்தரிக்குப் பதமாக வரும். நனைக்காத இலை முறியும். முப்பது வருஷப் பழக்கம். அந்த ரேடியம் தாளும் விறைப்பாக இருந்ததா, இலையோடு சேர்த்து அதையும் நனைத்துச் சாக்கில் சுற்றிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

புதன் காலையில் சாக்கை விரித்தேன். பின்பக்கத்துக் காகிதம் கூழாகிப் பசையோடு ஒட்டிக் கிடந்தது. முன்பக்கம் சுருங்கி, ஓரமெல்லாம் வெளுத்துப் போயிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு டார்ச்சைக் கண்ணோரம் வைத்து அடித்தேன். மின்னவில்லை. சாம்பல் பூசிய மாதிரி இருந்தது.

இவர் வந்து பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாளை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏளா, இதையே ஒட்டிரு."

"மின்னலையே."

"மின்னாட்டா நமக்குத்தான நல்லது. எங்கன நின்னு அடிச்சாலும் மின்னாது. எப்படிப் பாத்தாலும் தெரியாதுன்னு சொல்லிப்புடலாம்."

"அவங்க அசல் எஞ்சின்ல மின்னுனதக் கண்ணால பாத்தவங்க. அது மின்னும், இது மின்னாதுன்னா களவாணிப்பயன்னுதான் எழுதுவான்."

"அப்ப வேற தாளுக்கு எங்கன போவ? ஃபிட்டர் கொண்டாந்தது இதுதான். நாளைக்கு விசாரணை."

"கடையில வாங்குனா?"

"கடைத் தாளு வேற சாதி. அதுவும் பொம்மைன்னு சொல்லிருவான். நனைச்சது நீ. இப்ப ஞாயம் பேசுதது நீ."

அது தைத்தது. ஆனாலும் மின்னாததை ஒட்ட என் கை ஒப்பவில்லை. தாளை வெயிலில் விரித்து அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். சாக்குக்குள் சுருட்டி வைத்திருந்ததால் உள்சுற்றின் நடுப்பகுதிக்குத் தண்ணீர் போகவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் காய்ந்து, விறைப்பாகவே இருந்தது. இருட்டுக்குள் கொண்டுபோய் டார்ச் அடித்தேன். எரிந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பட்டை வெட்டலாம். மிஞ்சினால் ஒன்றிரண்டு. அதற்கு மேல் கிடையாது.

இலைக் கத்தரியைச் சாணையில் ஒரு தடவை இழுத்துக்கொண்டேன். தகட்டை வைத்தேன். முதல் பட்டை வெட்டும்போது மூச்சு விடவில்லை. இலையானால் நரம்பைப் பார்த்து வெட்டலாம். இதில் நரம்பு கிடையாது, வழுக்கும், கத்தரி கடைசியில் வாயை மூடும்போது நுனி கிழியும். அதனால் வாயை முழுக்க மூடாமல் பாதி பாதியாக நகர்த்தினேன். மதினி வாசலில் தலையை நீட்டி, "இன்னைக்கு இலை வெட்டலியா?" என்று கேட்டாள். நான் கையைக் காட்டிப் போகச் சொன்னேன். இதுவரை அவளுக்கு அதில் வருத்தம் உண்டு.

ஏழும் வந்தன. ஒட்டுவது அதைவிடக் கஷ்டம். ஒட்டினால் ஒட்டினதுதான், எடுத்தால் கிழியும். சாய்வுக்கு இவர் பென்சிலில் கோடு போட்டுக் கொடுத்தார். பட்டையின் ஒரு நுனியை மட்டும் வைத்து, மீதியைச் சுண்டுவிரலால் காற்று இல்லாமல் நீவிக்கொண்டே போனேன். நடுப்பட்டை ஒரு மயிரிழை விலகியது. அப்படியே விட்டுவிட்டோம். அசல் எஞ்சினிலும் ஏதாவது ஒன்று விலகாமலா இருக்கும்.

வியாழன் காலையில் எஞ்சினை வேட்டியில் பொதிந்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன். பட்டை ஏதாவது பெயர்ந்தால் ஒட்ட வேண்டுமே என்று கத்தரி, தகடு, மிஞ்சிய துண்டு எல்லாம் பைக்குள் இருந்தன. ஜங்ஷன் வரைக்கும் ஒரு ஆளையும் மேலே இடிக்க விடவில்லை.

விசாரணை அறை நீளமான அறை. ஆபீசர் கண்ணாடி போட்டவர், சத்தம் போடாத மனுஷர். சத்தம் போடாதவர்களிடம்தான் எனக்குப் பயம். பக்கத்தில் ஒரு கிளார்க் எழுதிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னார். ஆபீசர் எஞ்சினைச் சுற்றி வந்தார். அடிக்குச்சியை வைத்து அளந்தார். ஃபிட்டர் கொடுத்த அளவோடு ஒத்துப் பார்த்தார். பிறகு ஜன்னலைச் சாத்தச் சொல்லி, எஞ்சினை அந்தக் கோடியில் வைத்து, கேட்டிலிருந்து எஞ்சின் நின்ற தூரத்தில் இருபதில் ஒரு பங்குக்கு, ஏழு தப்படி தள்ளி நின்றார். பெரிய டார்ச்சை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து அடித்தார்.

அவர் கண்ணுக்குப் பட்டை மின்னவில்லை.

அவர் மறுபடி அடித்தார். மங்கலாக ஒரு மஞ்சள் தெரிந்தது, அவ்வளவுதான்.

"அசல்ல மின்னுச்சு. இதுல மின்னலையே. மேல வார்னிஷ் அடிச்சீங்களா?"

"இல்ல சார்" என்றார் அண்ணாச்சி.

"யார் ஒட்டினது?"

"நான்தான் சார்" என்றார் இவர். என்னை எதிலும் இழுத்துவிடக் கூடாது என்று நினைத்தாரோ, பொம்பளை செய்தது என்று சொல்ல நாணினாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"மிச்சத் தாள் இருக்கா?"

நான் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தேன். கத்தரியையும் தகட்டையும் வைத்தேன்.

"சரி, என் முன்னால ஒரு பட்டை வெட்டுங்க. அதை அடிச்சுப் பார்ப்போம்."

இவர் கத்தரியை எடுத்தார். தகடு வழுக்கிக் கீழே விழுந்து சத்தம் போட்டது. குனிந்து எடுத்து மறுபடி வைத்தார். கிளார்க் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இரண்டு துண்டுக்குத்தான் தாள் இருந்தது. அதில் ஒன்று கோணலாகப் போய் அறுந்தது.

"இந்தக் கை இந்த ஏழையும் வெட்டல" என்றார் ஆபீசர்.

நான் எழுந்துபோய்க் கத்தரியை வாங்கினேன்.

"நான் வெட்டுனது சார். நான்தான் ஒட்டுனேன். அவுகளுக்கு இந்த வேலை வராது."

"நீங்க யாரும்மா?"

"சம்சாரம்."

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"கையெழுத்துப் போடுவேன். தந்திப் பேப்பர் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். வெட்டத் தெரியும்."

உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. நின்றபடியே வெட்டினேன். அந்த மிச்சத் துண்டில் ஒரே ஒரு பட்டை. அவர் அதை வாங்கி ஃபைல் அட்டையில் ஒட்டி, எஞ்சினுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்து, முன்போலவே நின்று டார்ச் அடித்தார். அதுவும் மின்னவில்லை.

அவர் டார்ச் பிடித்த விதத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். எங்கள் வீட்டில் நான் கண்ணோரம் வைத்து அடித்தேன். சொல்லிவிட்டேன்.

"சார், எஞ்சினச் சின்னதாக்குனோம். தூரத்தயும் சின்னதாக்குனோம். உங்க கண்ணுக்கும் டார்ச்சுக்கும் உள்ள தூரத்த மட்டும் அப்படியே விட்டுட்டோம். அதையும் சின்னதாக்குங்க. பொட்டுல ஒட்டி வச்சு அடிங்க."

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆபீசர் கிளார்க்கின் சட்டைப் பையில் இருந்த பேனா டார்ச்சைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியைக் கழற்றினார். டார்ச்சை நெற்றிப் பொட்டில் அழுத்தி வைத்து அடித்தார்.

ஏழும் எரிந்திருக்க வேண்டும், எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், எனக்கு மஞ்சள் தாள்தான். அவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கிளார்க்கைக் கூப்பிட்டு அவரையும் பார்க்கச் சொன்னார்.

"எட்டும் மின்னுது சார்" என்றார் கிளார்க், நான் புதிதாக வெட்டியதையும் சேர்த்து.

அதன் பிறகு அண்ணாச்சி பேனா டார்ச்சை வாங்கி, ஆபீசர் தலைக்கு முக்கால் சாண் தள்ளிப் பிடித்தார். கம்பத்துக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம், அதே அளவில். ஆபீசர் பார்த்தார், "இப்ப மின்னல" என்றார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். டார்ச்சை இன்னும் பின்னால், இன்னும் முன்னால் என்று நகர்த்தச் சொன்னார். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொல்லி, நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அப்போ விளக்கு உங்க கையில இல்ல. கம்பத்துல தொங்குச்சு. அதை நீங்களே சொல்றீங்க."

இதற்குத்தான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தோம். இவர் தலை குனிந்தபடி, "ஆமா சார்" என்றார்.

"ஏன்?"

அந்த மனுஷருக்குக் கேட்டைத் தூக்கத் தெரியும், வாயைத் திறந்து சொல்லத் தெரியாது.

"அந்தக் கைப்பிடியச் சுத்த ரெண்டு கையும் வேணும் சார்" என்றேன். "நான் சோறு கொண்டு போகையில சுத்திப் பாத்திருக்கேன். ஒத்தக் கையால ஒரு சுத்துகூட வராது. விளக்க எதுல பிடிக்க?"

"உங்ககிட்ட கேக்கலம்மா."

"சரி சார்."

அவர் அதையும் எழுதச் சொன்னார். கிளார்க் எழுதியதை வாசித்துக் காட்டினார்கள். பட்டைகளைக் கேட்கீப்பர் தயாரித்தார் என்று அதில் இருந்தது. அது சரியில்லை, திருத்துங்கள் என்றேன். இவர் என் சேலையைப் பிடித்து இழுத்தார். ஆபீசர் பேனாவை வாங்கி, தானே அடித்துத் திருத்தி, என்னிடம் நீட்டினார். நான் என் பெயரை எழுத்து எழுத்தாக எழுதி முடிக்கும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அங்கே டீ வாங்கிக் கொடுத்தபோது இவர், "நீ கொஞ்சம் பைய பேசியிருக்கலாம்" என்றார். நான் டீயைக் குடித்தேன்.

அடுத்த ஐந்து வாரம் எப்படிப் போனது என்று சொல்ல முடியாது. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் என் கையிலிருந்து இலை நழுவும். ஆறாவது வாரம் ஆர்டர் வந்தது. இங்கிலீஷில் இருந்ததால் இவர் அதை எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன். செருப்புப் போட்டேனா என்றுகூட நினைவில்லை.

அண்ணாச்சி முதலில் மனதுக்குள் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார். பார்க்காமல் திறந்தார் என்ற குற்றம் நிரூபிக்கப்படவில்லை. விளக்கைக் கையில் வைத்திருக்காததற்கு ஒரு வருஷம் சம்பள உயர்வு நிறுத்தம். அந்தக் கைப்பிடியை மாற்ற வேண்டும். உடனே வேலையில் சேரலாம்.

"அவ்வளவுதானா?" என்று இவர் கேட்டார்.

"இன்னும் என்ன வேணும்வே உமக்கு?"

இவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சி வீட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆர்டரில் பட்டை வெட்டினது யார் என்று எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார் அண்ணாச்சி. அந்த இடம் எது என்று விரலை வைத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு டூட்டி. பன்னிரண்டு மணிக்கே சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேன்.